கிளாயின் பாகம்

பாங் பிளா என்ற ஊரில் கிளாயின் கைகள் வளரத் தொடங்கியது எலி ஆண்டில், அறுப்பு முடிந்த பதினோராம் நாள். நாளுக்கு ஒரு விரற்கடை. மழை நாளில் சற்றுக் கூடுதல்.

அதுவரை அவன் ஊரிலேயே குட்டைக் கையன். சயாமில் அப்போது வயலை மனிதனின் பாகத்தால், அதாவது விரித்த இரு கைகளின் நீளத்தால் அளந்தார்கள். கயிறு இருபது பாகம். கயிற்றுக்குக் கயிறு சதுரம் ஒரு ராய். ராய்க்கு இரண்டு கூடை நெல் அரசருக்கு. யாருடைய பாகம் என்பது அளவு அதிகாரியின் இஷ்டம். பெயர் எழுதி முத்திரை குத்திவிட்டால் அந்த அரசர் இருக்கும்வரை மாற்ற முடியாது. அந்த ஆண்டு வந்த படுபாவி ஊரையே வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளாயின் பெயரை எழுதினார். கயிறு குறுகியது, பதினைந்து ராய் வயல் இருபதாயிற்று. "ஏண்ணே, உன் கை குட்டையாப் போனதுக்கு எங்க வயல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பக்கத்து வயல்காரி இம் கேட்டபோது அவனால் தலை நிமிர முடியவில்லை. அவன் வீட்டிலேயே வரிக்குப் பத்துக் கூடை குறைந்தது. அதற்கு ஈடாக மகள் லமுனை அதிகாரி வீட்டு வேலைக்குப் படகில் ஏற்றினார்கள். "அப்பா, எப்பப்பா வருவீங்க?" என்று அழுதாள். கிளாய் கரையிலிருந்து கைகளை நீட்டினான். எட்டவில்லை. படகு மறைந்தும் நீட்டியபடியே நின்றான்.

மறுவாரம் சோற்றுக் கவளம் வாயைத் தாண்டிக் காதுக்குப் போயிற்று. பிறகு தட்டில் முகம் வைத்துத்தான் தின்றான். ஏசிய இம்மே, "அண்ணே, அந்த உச்சிக் கிளையில ரெண்டு மாங்கா பறிச்சுப் போடேன், சும்மாதானே தொங்குது கை" என்று கூப்பிடலானாள்.

அடுத்த அறுப்புக்கு அதிகாரி வந்தார். அவர் படகில் லமுன் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கிளாய் கைகளை விரித்தான். ஒன்று வாழைத்தோப்பில், மற்றது எருமைத் தொழுவத்தில். அதிகாரி அரை நாள் ஏட்டைப் புரட்டினார். பெயர் இருந்தது, முத்திரையும் இருந்தது. "விரல மடக்குடா" என்றார். மடக்கினான், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அவன் இருபது ராய் கால் ராய்க்கும் கீழே இறங்கியது. ஊரே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

"எம் புள்ளைய விட்டுருங்க ஐயா."

"அது போன வருசத்து நெல்லுக்கு. இதுல சேராது."

படகு நடுவாய்க்காலுக்குப் போயிற்று. கிளாய் நின்ற இடத்திலேயே கைகளை நீட்டினான். இந்த முறை எட்டியது. லமுனைத் தூக்கிக் கரையில் வைத்தான். அதிகாரி மறுபடி ஏட்டைப் புரட்டினார். அவன் கரையை விட்டு ஓரடியும் நகராததால் எந்தக் குற்றமும் பொருந்தவில்லை.

அன்றோடு கைகள் வளர்வது நின்றது, குறையவும் இல்லை. தன் வாய்க்குத் தன் கை உதவாததால், கடைசிவரை மூன்று வேளையும் லமுன்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள்.