பாவோடு ஊடையும்

வேல்சாமி அண்ணாச்சியின் தறிக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் ஷீலாவின் மானம் கப்பலேறியது. சேலையின் படத்தைக் கொடுத்தால், நீளவாக்கில் ஓடும் பாவில் எந்த நிறத்துக்கு எத்தனை நூல் என்று சொல்லிவிடும் சாப்ட்வேர். அவளுடைய ஆறு மாத உழைப்பு. அவள் லேப்டாப்பில் குதிரையாக ஓடியது, கூடத்துக் கம்ப்யூட்டரில் ‘பைதான் இல்லை’ என்று நின்றுவிட்டது.

"உங்க வீட்டுல மட்டும் ஓடுததுக்கு நான் எதுக்கு வாங்கணும், மக்கா?" அண்ணாச்சி கோபமில்லாமல் கேட்டதுதான் கூடுதலாக வலித்தது. "வியாழக்கிழம வா. அன்னைக்கும் நின்னா விட்டுரு."

வெள்ளிக்கிழமை சென்னைக்கு ரயில். அங்கே வேலை காத்திருந்தது. இது விற்றால் ஊரிலேயே இருக்கலாம். அவளுக்கு அதுதான் ஆசை.

சாப்ட்வேர் சி ஷார்ப் என்ற கணினி மொழியில் எழுதியது. நூல் எண்ணும் பகுதி மட்டும் பைதான் என்ற இன்னொரு மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள். ஸ்கிரிப்டுகளைப் பென் டிரைவில் போட்ட மகராசி, அவற்றை ஓட்டுகிற பைதானைப் போடவில்லை. அவள் லேப்டாப்பில் அது எப்போதோ ஏறி உட்கார்ந்திருந்ததால் நினைப்பே வரவில்லை. ஒவ்வொரு கூடத்திலும் போய், தனியாகப் பைதான் ஏற்றுங்கள் என்றால் நடக்கிற காரியமா?

கூடத்து வாசலில், வீட்டில் நெய்பவர்களின் வெளித்தறிக்குப் பாவு ஏற்றிய ஆட்டோவைக் கூடத்தில் வேலை பார்க்கும் பூமாரி மறித்துக்கொண்டிருந்தாள். "ஏலே, குறுக்க ஓடுத ஊட நூல ஏத்தாம எங்க போற? வெறும் பாவ வச்சு அங்கன என்னத்த நெய்வாவ?"

ஷீலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளும் வெறும் பாவைத்தானே அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு நாளில் பைதானையும் அதற்கு வேண்டியவற்றையும் அதே போல்டருக்குள் அடைத்தாள். வெளியே தேடாதே, உள்ளே இருப்பதையே எடுத்துக்கொள் என்று சாப்ட்வேருக்குச் சொல்லிவைத்தாள். பைதானையே பார்த்திராத அம்மாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் போட்டாள். முதல் தடவை நின்றது. படத்தைப் படிக்கும் துணுக்கு ஒன்று விடுபட்டிருந்தது. அதையும் சேர்த்ததும் ஓடியது.

"ஓடிட்டுல்லா, எந்திரிட்டி. ஆளு நிக்காவ" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை அண்ணாச்சி அவளைக் கிட்டவே விடவில்லை. "நீ தொடாத. எட்டி நில்லு." ஒற்றை விரலால் அவரே அமுக்கினார். திரையில் வரிசையாக எண்கள் விழுந்தன. அதே சேலைக்கு முன்பு கையால் எண்ணி எழுதிவைத்த பழைய காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கடையநல்லூர்ல மச்சினன் கூடத்துல போட்டுப் பாக்கேன். அங்கனயும் ஓடுனா ரெண்டு கூடத்துக்கும் வாங்கிக்கிடுதேன்."

"நானும் வரட்டுமா, அண்ணாச்சி?"

"நீ எதுக்கு? நீ இல்லாமலும் ஓடுதான்னுதான பாக்கணும்."

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஷீலாவாம்மா? கடையநல்லூர்ல இருந்து பேசுதேன். இங்கன ஓடுது."

ஷீலா டிக்கெட்டை ரத்து செய்தாள்.