சிவப்பு மையில் ஒரு மணி நேரம்

ஓர்லாவின் நோட்டுப் புத்தகத்தில் நான்கு குளிர்காலங்கள் இருந்தன. நாளுக்கு ஒரு வரி. கடலில் மிதக்கும் மிதவை அனுப்பிய அலை உயரம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, திசை, காற்று, கடல் வற்றி முடியும் நேரம். வரியின் கடைசியில் அவள் கணித்தது ஒரு கட்டம், நடந்தது ஒரு கட்டம். பெரும்பாலான வரிகளில் இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் அலைச்சறுக்குக்கு எந்த நாள் போகலாம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஃபின்டனைத்தான் கேட்பார்கள்.

ஃபின்டன் பிளம்பர். காலையில் வேனுக்குள் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து மிதவையின் எண்களை ஒரு தடவை பார்ப்பான், கண்ணாடியை இறக்கிக் காற்றை மோந்து பார்ப்பான், "இன்னைக்கு வேணாம், நாளைக்குப் போலாம்" என்பான். பெரும்பாலும் பலித்துவிடும். பலிக்காத நாட்கள் பதினொன்று என்று ஓர்லா குறித்து வைத்திருந்தாள். அவளுடைய தவறுகள் ஒன்பது. அந்த இரண்டு நாள் வித்தியாசம் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

குதிரைப்பல் என்ற பாறைத்திட்டில் சறுக்கத் தோதான அலை எப்போதும் எழாது. வடமேற்கிலிருந்து நீண்ட இடைவெளியில் அலை வர வேண்டும், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீச வேண்டும். கடல் வற்றி முடிந்து இரண்டு மணி நேரம் ஆனபின், பாறைக்கு மேல் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். அந்த ஒரு மணி நேரம்தான். அதற்கு முன் போனால் பாறை கிழிக்கும், பின்னால் போனால் அலை உடையாமலே கடந்து போய்விடும். அங்கே பலகையோடு சறுக்கப் போகும் மூன்று பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. நாளையும் மணியையும் சரியாகச் சொன்னவருக்குத்தான் முதல் அலை. மற்ற இருவரும் பலகையில் உட்கார்ந்தபடி விட்டுக்கொடுத்துப் பார்ப்பார்கள். நான்கு குளிர்காலத்தில் ஓர்லாவுக்கு அது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம், துறைமுகத்தில் வேனை நிறுத்திவிட்டு மூன்று பேரும் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாமவன் கோர்மாக், ரொட்டிக் கடைக்காரன்.

"இடைவெளி பதினாறு வினாடி வரும்னு வியாழக்கிழமையே சொன்னேன்" என்றாள் ஓர்லா.

"நீ எல்லா வியாழக்கிழமையும்தான் என்னமோ சொல்ற" என்றான் கோர்மாக். வாயில் வறுவல் நிறைந்திருந்தது. "ஏய் ஃபின்டன், நீ சொல்லுடா. நாளைக்கா?"

"நாளைக்கேதான். காத்தும் திரும்பிடும்."

"மணி?"

ஃபின்டன் வேனின் முகப்பில் ஒட்டியிருந்த தாளைத் தட்டினான். கடல் வற்றும் நேர அட்டவணை. அதன் தலையில் சிவப்பு மையில் '+1' என்று எழுதியிருந்தது. "வத்தி முடியுறது பதினொன்னரை. ஒன்னரைக்குத் தண்ணியில இருக்கணும்."

ஓர்லா தாளை எட்டிப் பார்த்தாள். அச்சில் இருந்தது பத்தரை. அட்டவணை வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்தையே காட்டும். மார்ச்சில் கோடைக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் எல்லோரும் ஒரு மணி கூட்டிக்கொள்வார்கள். இன்று ராத்திரி கடிகாரம் பழையபடி பின்னே போகிறது. நாளைக்குக் கூட்டக் கூடாது; பன்னிரண்டரைக்கே தண்ணீரில் இருக்க வேண்டும்.

"ஃபின்டன், அது..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ, புரொபசர் நோட்டைத் திறந்துட்டாங்கடா!" என்று கோர்மாக் சத்தம் போட்டான்.

"சும்மா இருடா, பாவம்" என்றான் ஃபின்டன்.

அந்தப் 'பாவம்' தான் அவள் வாயை மூடியது.

வீட்டில் 'நாளைக்கு மணி மாறுது' என்று போனில் தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டி மறுபடி அழித்தாள். தனக்குத்தான் கணக்குத் தெரியவில்லையோ என்று அட்டவணையை மூன்று தடவை பார்த்தாள். தவறில்லை. அவன் ஒரு நாளாவது தப்புச் சொன்னவனாக நிற்கட்டும், கோர்மாக் அதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தபின் தூக்கமும் நன்றாக வந்தது.

ஞாயிறு பன்னிரண்டரைக்குத் திட்டுக்கு எதிரே நின்றாள். அங்கே யாரும் தனியாக இறங்குவதில்லை, அவளும் இறங்கியதில்லை. ரப்பர் உடையின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு இறங்கினாள். முதல் முழுக்கில் குளிரில் நெற்றி வலித்தது. இரண்டாவது அலை அவளைத் தூக்கியபோது பலகை தானாகவே வழுக்கியது. பச்சைச் சுவர் ஒன்று பக்கத்திலேயே ஓடிவந்தது. நின்றபடியே வினாடிகளை எண்ணினாள். பதினொன்று. இத்தனை நீளம் இதுவரை வந்ததில்லை. திரும்பிப் பார்த்தாள். ஒரு கடல்நாய் மட்டும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு முங்கியது.

வேன் வந்தபோது ஒன்றரை. அலைகள் திட்டின்மேல் பருத்து, உடையாமல் கடந்தன. ஓர்லா கரையில் கூழாங்கற்கள்மேல் நின்றிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ எப்ப வந்த?" என்றான் ஃபின்டன்.

"பன்னெண்டரைக்கு."

அவன் கடலைப் பார்த்தான். வேனுக்குத் திரும்பிப் போய்த் தாளைப் பார்த்தான், போனில் மணியைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். "மார்ச்சுல எழுதுனது. அழிக்கவே இல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு நேத்தே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றாள்.

"அடிப்பாவி!" என்றான் கோர்மாக். "ஒரு வார்த்தை சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவ?"

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்கமாட்டேன், கிண்டல் பண்ணுவேன். அதுக்குன்னு தனியா இறங்குவியா? தலையில பலகை அடிச்சிருந்தா?"

ஃபின்டன் அதையெல்லாம் பேசவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். அவன் முகத்தில் பொறாமை தெரிந்தது. நான்கு வருஷமாக அவள் பார்க்கக் காத்திருந்த முகம். அந்தப் பதினொரு வினாடியைச் சொல்ல வாயெடுத்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்று மட்டும் வந்தது.

அவன் தாளைப் பிய்த்தெடுத்து அவள் கையில் கொடுத்தான். "அடுத்த தடவை நீயே சொல்லு."

செவ்வாய்க்கிழமைக்கு அவள்தான் சொன்னாள். இரண்டு பத்து. ஐந்து தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். மூவரும் திட்டுக்குப் பின்னால் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் சரியாக ஆள் உயரம். தூரத்தில் முதல் அலை வரிசை எழும்பியது.

கோர்மாக் அவளைப் பார்க்கவில்லை. ஃபின்டன் பக்கம் சாய்ந்து, "நேரம் சரிதானாடா?" என்றான், அவளுக்குக் கேட்காது என்று நினைத்து.

"நானும் வீட்ல பாத்துட்டுத்தான் வந்தேன். சரிதான்" என்று ஃபின்டன் தலையாட்டினான்.

வழக்கப்படி இருவரும் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அலை அவளுடையது. கைகளால் தண்ணீரைத் தள்ளினாள். அலை தூக்கிய நேரத்திலும் அந்தத் தலையாட்டல்தான் கண்முன் நின்றது. எழுந்து நிற்க அரை வினாடி தாமதம். பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தியது. அலை அவள் மேல் கவிழ்ந்தது.

இருமிக்கொண்டே மேலே வந்தபோது, "நேரம் கரெக்ட் புரொபசர்!" என்ற கோர்மாக்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த அலையில் ஃபின்டன் எழுந்து நின்றுவிட்டான், அலட்சியமாக, முழங்கால் கொஞ்சம் மடங்கி.

அவள் பலகையைக் கட்டிப்பிடித்தபடி அவன் நின்ற வினாடிகளை எண்ணினாள். பதினான்கு.