உடுப்பிட்டிப் பேடுகள்

குணலட்சுமியின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அவளுடைய உடுப்பிட்டி வீட்டைப் பூட்டினார்கள். ஒரே மகள் தயாளினி கனடாவுக்குத் திரும்பவேண்டும். சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போன சொந்தக்காரர்களில் ஒருவரும் பின்வளவில் நின்ற ஐந்து பேட்டுக் கோழிகளைப் பற்றிக் கேட்கவில்லை. செத்தவளின் அக்கா மீனாம்பிகைதான் கேட்டாள்.

"உதுகளை நான் கொண்டுபோறன் பிள்ளை."

தயாளினி ஒரு கணம் பெரியம்மாவைப் பார்த்தாள். ஒரு காணித் துண்டுத் தகராறால் தாயும் பெரியம்மாவும் ஒன்பது வருடம் கதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாய் கிடந்த மூன்று வாரமும் பெரியம்மா எட்டிப் பார்க்கவில்லை; செத்தவீட்டுக்குத்தான் வந்தாள்.

"ஓம், கொண்டுபோங்கோ" என்று மட்டும் சொன்னாள் தயாளினி.

உரப்பையில் காற்றுப் போக ஓட்டை வெட்டி, ஐந்தையும் உள்ளே விட்டு, ஓட்டோவில் சண்டிலிப்பாய்க்கு வந்து இறங்கினாள் மீனாம்பிகை.

அவளுடைய புருஷன் தியாகலிங்கம் கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தார். நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருடமாகிறது. புகையிலைத் தோட்டத்தையும் விட்டுவிட்டார். அவருக்கென்று மிஞ்சியது ஒன்பது கோழிகள்தான். விடிய எழும்பி, ஊன்றுகோலோடு போய்க் கூட்டைத் திறந்துவிடுவார். தவிட்டில் குறுணல் பிசைந்து வைப்பார். எந்தப் பேடு எந்த மூலையில் முட்டையிட்டிருக்கிறது என்று தேடுவார். அந்த ஒரு மணித்தியாலம் அவருக்கு எவருடைய உதவியும் தேவைப்படாது.

பையைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"உடனை விட்டிடாதையும் மீனா. பழைய ஆட்டுக்கொட்டிலுக்கை ரண்டு கிழமைக்கு அடைச்சு வையும். தண்ணிச் சட்டி வேறை, தீன் வேறை. அங்கை போட்டு வந்தால் காலைக் கழுவிப்போட்டுத்தான் இஞ்சாலை வரவேணும்."

"நல்லாத்தானே நிக்குதுகள்."

"நல்லாத்தான் நிக்கும். உள்ளுக்கை வருத்தம் இருந்தால் இண்டைக்கே தெரியுமோ? முந்தி ஒருக்கா சந்தையிலை ஒரு சேவல் வாங்கி அண்டைக்கே விட்டனான். பத்து நாளிலை ஒரு கோழி மிஞ்சேல்லை. ரண்டு கிழமை போகட்டும். பிறகு நடுவிலை வலையைக் கட்டி ஒண்டையொண்டு பாக்க விடுவம். அதுக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் கூட்டிலை சேப்பம்."

வளவின் கடைசிக் கோடியில் இருந்த கொட்டிலைச் சுற்றி மீனாம்பிகை வலை அடித்து, படலையைக் கம்பியால் கட்டினாள். ஐந்தையும் உள்ளே விட்டாள்.

அவை அங்கே நிம்மதியாக இருக்கவில்லை. வலையோரமாகவே நடந்தன. முன்னுக்குப் போய், திரும்பி, மறுபடியும் முன்னுக்குப் போயின. மொட்டைக் கழுத்துப் பேடு ஒன்று வலைக்குள் தலையை நுழைத்து நுழைத்து நெற்றியில் தோலை உரித்துக்கொண்டது. தீன் கொண்டுபோகும்போதெல்லாம் மீனாம்பிகைக்குத் தங்கச்சியின் நினைவு வந்தது. குணலட்சுமி கிடந்த வார்டுக்கு ஒரு பஸ்ஸில் போயிருக்கலாம். நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் என்று மூன்று கிழமை இருந்துவிட்டாள். இப்போது அவள் வளர்த்ததுகளையும் கொண்டுவந்து அடைத்து வைத்திருக்கிறேனே என்று நினைத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் தியாகலிங்கம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார். அவள் போய்க் கம்பியை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் வளவில் கிளறட்டும், அவர் எழும்ப முன்னம் அடைத்துவிடலாம் என்பதுதான் அவள் எண்ணம்.

ஐந்தும் ஒன்றாக நெருங்கி முருங்கையடி வரைக்கும் வந்தன. அங்கேதான் கறுப்பி நின்றது. பழைய கோழிகளில் அதுதான் பெரியது. அது கொத்தாமல் மற்றது ஒன்றும் தீனில் வாய் வைக்காது. கழுத்து மயிரைச் சிலுப்பிக்கொண்டு அது நேரே மொட்டைக் கழுத்தின் மேல் பாய்ந்தது. கொண்டையில் கொத்தி இழுத்ததும் இரத்தம் வந்தது. இரத்தத்தைக் கண்டதும் மற்ற எட்டும் ஓடிவந்தன. மொட்டைக் கழுத்து வேலி மூலைக்குள் தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அவை முதுகில் ஏறி நின்று கொத்தின. மீனாம்பிகை விளக்குமாற்றால் அடித்தடித்துக் கலைத்தாள். நாலைத் துரத்திப் பிடித்து அடைத்தாள். காயப்பட்டதைச் சீலைத் தலைப்பில் சுற்றித் தூக்கிப்போய், கழுவி, மஞ்சள் பூசி, கொட்டிலுக்குள் ஒரு பனையோலைக் கடகத்தால் மூடினாள்.

உள்ளே இருந்து தியாகலிங்கம் கூப்பிட்டார். "என்னப்பா உந்தச் சத்தம்?"

"கீரி ஒண்டு வந்தது. கலைச்சுப்போட்டன்."

"கோழி எல்லாம் நிக்குதோ?"

"ஓம், நிக்குது."

மொட்டைக் கழுத்து அன்று இரவே செத்துவிட்டது. விடிய முன்னம் அதை வேலியோரம் தாட்டாள். அவரிடம், உரப்பைக்குள் வந்த களை, தாங்கேல்லை என்று சொன்னாள்.

ஏழாம் நாள் மிச்ச நாலும் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கத் தொடங்கின. பச்சையாகக் கழிந்தன. ஒன்று கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்தது. தியாகலிங்கம் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிக் கொட்டிலடி வரை வந்து பார்த்தார்.

"நான் சொன்னனான் பாத்தீரோ? நல்ல காலம், தள்ளி வச்சம். பாவங்கள். ஆனால் எங்கடையதுகள் தப்பிச்சுது."

அப்போது அவள் வாயைத் திறந்திருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். அவருடைய முகத்தில் அப்படியொரு ஆறுதல் இருந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

ஒன்பதாம் நாளுக்குள் அந்த நாலும் செத்துவிட்டன. பத்தாம் நாள் கறுப்பி தீனுக்கு வரவில்லை. முருங்கையடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தியாகலிங்கம் அதை மடியில் வைத்து, கரண்டியால் தண்ணீர் பருக்கிப் பார்த்தார், வாயோரத்தால் வடிந்தது. அடுத்த நாள் மூன்று விழுந்தன. வந்து பார்த்த மிருக வைத்தியர் கையை விரித்தார்.

"இனி ஊசி போட்டுப் பிரியோசனமில்லை ஐயா. நாலைஞ்சு நாளைக்கு முன்னம் தெரிஞ்சிருந்தால், நல்லதுகளைப் பிரிச்செடுத்திருக்கலாம்."

வைத்தியர் போன பிறகு தியாகலிங்கம் ஊன்றுகோலின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் அண்டைக்கு அங்கை போனனான். நீர் காலைக் கழுவுவீர். நான் பொல்லைக் கழுவேல்லை. என்ரை பொல்லிலைதான் வந்திருக்கு மீனா. என்ரை கையாலை நானே..."

ஊன்றுகோலைத் தூர எறிந்தார். அவள் போய் அதை எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அவர் பக்கத்தில் சாத்தினாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் கோழி செத்துவிழும் ஒவ்வொரு முறையும் ஊன்றுகோலைத்தான் பார்த்தார். இரவுச் சாப்பாட்டையும் தள்ளிவிட்டார்.

கடைசிக் கோழியையும் தாட்ட அன்று மீனாம்பிகை மண்வெட்டியோடு குழிக்குள் நின்றாள். அவர் குழி விளிம்பில் கதிரையில் இருந்து சுண்ணாம்பு தூவினார்.

"உங்கடை பொல்லிலை வரேல்லை" என்றாள் அவள். "நாலாம் நாள் நான் அவிட்டு விட்டனான். கறுப்பி பிடிச்சுக் கொத்தினது. அதுதான் அந்தச் சத்தம்."

சுண்ணாம்புப் பை அவர் கையில் அப்படியே நின்றது.

"கீரி?"

"கீரி வரேல்லை."

"ஏன் விட்டனீர்?"

"குணத்தின்ரை கோழியள். அடைச்சு வச்சிருக்க எனக்கு மனமில்லை."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"விட்டது போகட்டும்" என்றார் கடைசியில். "அதுகள் தூங்கத் தொடங்கின அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே. நான் தப்பிச்சுதெண்டு சொல்லேக்கை பக்கத்திலைதானே நிண்டனீர். மூண்டு நாளா நான் பொல்லைப் பாத்து அழுதன், அதையும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்."

அவள் குழிக்குள்ளிருந்து ஏறினாள்.

"மண்ணைத் தள்ளும்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து தியாகலிங்கம் தன் வேலைகளைத் தானே செய்யத் தொடங்கினார். உடுப்பைத் தானே தோய்த்தார். தேநீரைத் தானே ஊற்றினார். ஏசவில்லை, கேட்டதற்குப் பதிலும் சொன்னார். ஆனால் அவர் குளிக்கத் தண்ணீர் வார்க்க அவள் வாளியைத் தூக்கினால், "வையும், நான் வாப்பன்" என்பார்.

ஒரு கிழமைக்குப் பிறகு கிணற்றடிப் பாசியில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தார். அவள் ஓடிவந்து கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்து எழும்பப் பார்த்தார். ஒற்றைக் கால் மறுபடியும் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது.

அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்தார். கதிரையில் இருந்ததும் விட்டுவிட்டார்.