கல்லுக்கு ஊற்றிய தண்ணீர்

விடிவதற்குள் சம்மட்டி விழத் தொடங்கிவிட்டது. கூரைமேல் நின்று சாமிக்கண்ணு போடுகிற ஒவ்வொரு அடிக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பல் உடைவதுபோல் உடைந்து சிதறியது. கீழே திலகவதியும் செங்கமலமும் இன்னும் சில பெண்களும் கம்பி பிரஷ்ஷால் கல்தூண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து இறங்கிய வெள்ளைத் தூசி இமையில், பல்லிடுக்கில், ரவிக்கைக்குள் புகுந்தது. துப்பினால் எச்சில் மாவாக விழுந்தது.

இங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டாத காலத்தில் வண்டிக்காரர்கள் இறங்கித் தங்கிய கல் சத்திரம் அது. பிற்பாடு யாரோ ஷீட் போட்டு, பழைய பாய்லர் சாமான்களை அடைக்கும் கொட்டடி ஆக்கினார்கள். இப்போது மியூசியமாம். காண்ட்ராக்ட் சோமசுந்தரத்துக்கு. தூசி மட்டும் அவருக்கில்லை.

உள்ளே கிடந்த பாய்லர் துணி மெத்துமெத்தென்று இருந்தது. வேலை தொடங்கிய அன்றே பெண்கள் ஆளுக்கொரு முழம் கிழித்துச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டார்கள். உடைந்த ஷீட்டைச் சுமக்கத் தலைக்கு இதம். திலகவதி தன்னுடையதை நேற்று வடக்குத்து ஊரிலிருக்கும் வீட்டுக்கே எடுத்துப் போனாள். பொழுது சாய அவள் சோறு வடிக்கும்போது, மகள் மணிமொழி அதில் தலைவைத்துப் படுத்துவிட்டாள்.

புருஷன் தங்கராசு பார்த்தான். பாய்லர் குழாய்களுக்கு அந்தத் துணியைச் சுற்றியும் பிரித்தும் வயிறு கழுவியவன். எழுந்து நடக்க மூச்சில்லாமல் மூலையில் கிடந்தவன் தவழ்ந்து வந்து துணியைப் பிடுங்கி எறிந்தான். திலகவதியை ஓங்கி அறைந்தான். கட்டின நாளிலிருந்து கை நீட்டாதவன்.

“என்னத் தின்னது... அதான்டி.”

கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் தூசி நெஞ்சில் ஏறினால் இறங்காது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அந்தத் தூசி சும்மாடாகத் தன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியாது. ஷீட்டிலும் அதேதான் என்று தங்கராசு மூச்சைத் திரட்டித் திரட்டிச் சொன்னான். “நனச்சிட்டு... தொடு.”

காலையில் வந்ததுமே அவள் சொல்லிவிட்டாள். சும்மாடுகளைக் கழற்றி எறிந்தார்கள். ஷீட்டை நனைக்கலாம் என்று பம்பு செட்டுக்குப் போனால், பூட்டு.

“சாவி காண்ட்ராக்டர் அண்ணங்கிட்ட,” என்றான் சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ், கம்ப்ரசர் காற்றுக்குழாயைத் தோளில் போட்டபடி. “பவுடர் போடாமலே வெளுத்துகினு இருக்கீங்க. இன்னா கொறச்சல்?”

வேறு வழியில்லாமல் பிரஷ்ஷை எடுத்தவர்கள், சோமசுந்தரத்தின் கார் வந்து நின்றதும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்தார்கள்.

“பம்ப தொறந்து உடுங்க,” என்றாள் திலகவதி. “நனச்சி, ஷீட்ட முழுசா எறக்கறோம். மூஞ்சிக்கு நல்ல மாஸ்க்கு குடுங்க.”

“தண்ணி பட்டா தூசி சேறாயிக் கல்லுல ஊறிடும்மா. வெள்ளிக்கிழம ஆபீசருங்க வராங்க. எரநூறு வருஷத்துக் கல்லு.”

“கல்லுக்கு எரநூறு வயசுங்க. எம்புருஷனுக்கு நாப்பத்திரண்டு.”

“அவன் பீடி குடிச்சே கெட்டான்.”

“நீங்களுந்தான் சிகரெட் ஊதறீங்க,” என்றாள் செங்கமலம். “ஒங்களக் கார்ல இருந்து எறக்க ரெண்டு பேரு வேண்டியிருக்கா?”

பெண்கள் சிரித்தார்கள். ஜெயப்பிரகாஷுக்குப் பொறுக்கவில்லை. காற்றுக்குழாயைத் திருப்பிச் செங்கமலத்தின் முகத்துக்கு நேரே திறந்துவிட்டான். கல்லில் ஒட்டிய சுண்ணாம்பையே பெயர்க்கிற காற்று. கண்ணைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியவள் கால் இடறி, தூணின் முனையில் மண்டை மோதிச் சரிந்தாள். தேய்த்து மினுக்கிய கல்லில் ரத்தம் வழிந்தது.

சோமசுந்தரம்தான் முதலில் கத்தினார். “டேய், கல்லுல ஊறிடும்டா. இந்தா சாவி. சீக்கிரம் தண்ணிய அடி.”

சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பம்பு உறுமியது. ஜெயப்பிரகாஷ் தண்ணீர்க் குழாயைத் தூணுக்கு இழுத்துப் போனான். கீழே கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு போனான்.

அந்தத் தாண்டலைத்தான் திலகவதியால் தாங்க முடியவில்லை. அவள் கையிலிருந்த கம்பி பிரஷ் அவன் முழங்கையில் இறங்கித் தோலை உரித்தது. அவன் அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து வயிற்றில் உதைத்தான். மற்றப் பெண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். பிறகு அவனால் எழ முடியவில்லை. செருப்பு, பாண்டு சட்டி, நகம். மண்ணில் போட்டுப் புரட்டினார்கள். கூரையிலிருந்து இறங்கி ஓடிவந்த சாமிக்கண்ணு சம்மட்டியை அவன் தலைக்கு ஓங்கினான்.

திலகவதி கையைப் பிடித்துவிட்டாள். “உடு மாமா. இவன் செத்தா நீ ஜெயிலுக்குப் போவ. பம்புல திரும்பப் பூட்டு வுழும்.”

தண்ணீர்க் குழாயை எடுத்தாள். முதலில் செங்கமலத்தின் கண்ணைக் கழுவினாள். பிறகு ஷீட் குவியலை நனைத்தாள். தூணை யாரும் கழுவவில்லை.

“போலீசு வருது,” என்றார் சோமசுந்தரம் கார்க் கதவுக்குப் பின்னாலிருந்து. “வேலைக்குக் குள்ளஞ்சாவடியில ஆளா இல்ல எனக்கு?”

ஆள் இருந்தது. போலீசுக்கு முன்னால் ஒரு மினி லாரி நிறையப் பெண்கள் வந்தார்கள்.

“ஒருத்தி எறங்கட்டும், பாக்கறேன்,” என்றான் சாமிக்கண்ணு.

“சும்மா இரு. அவங்க வூட்லயும் புள்ளைங்க இருக்கு.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு திலகவதி லாரிக்கு நடந்தாள். தலையில் துண்டு சுற்றிய செங்கமலம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எறங்கறதுக்கு முன்னாடி இவ மூஞ்சியப் பாத்துக்குங்க. இந்தத் தூசி உள்ள போனா வெளிய வராது. எம்புருஷன் மூச்சு வுட முடியாமக் கெடக்கறாரு. நனைக்கத் தண்ணி கேட்டோம். மனுஷிக்கு இல்லன்னாரு. கல்லுல ரத்தம் பட்டதும் தொறந்து உட்டாரு.”

டிரைவர் ஹாரன் அடித்தான். லாரியின் ஓரத்தில் நின்ற கனத்த உடம்புக்காரி ஒருத்தி செங்கமலத்தையே பார்த்தாள்.

“பம்பு எங்க?” என்று கேட்டாள்.

திலகவதி கை காட்டினாள். அந்த உடம்புக்காரி இறங்கினாள். சத்திரத்துப் பக்கம் திரும்பவில்லை. நேரே போய்ப் பம்பு சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அங்கியே நின்னுகினு இன்னாங்கடி பாக்கறீங்க? என்ன ஒருத்திய நாலு போலீசு தூக்கிடுவான். வந்து உக்காருங்க.”

லாரியின் பின்பலகை தடாரென்று விழுந்தது.

ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டபோது பம்பைச் சுற்றி இடம் போதவில்லை. தள்ளி உட்காருடி, நீ தள்ளு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.