கியூடெக்ஸ் பூசிய மத்து

என் ஃபேன்சி கடைக்குள் ஓர் ஆண் தனியாக வந்தால் காரணம் இரண்டுதான். பெண்சாதி அனுப்பியிருப்பாள், இல்லாவிட்டால் பெண்சாதி கோபித்துக்கொண்டு போயிருப்பாள். இராமர் எந்த வகை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் குடியிருந்து அங்கேயே ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன் அவன். வெள்ளவத்தையில் என் கடையிலுள்ள வளையல் ஸ்டாண்டுகள் எல்லாம் அவன் கடைந்து தந்தவை. அன்றைக்கு மழையில் நனைந்து, பேப்பர் சுற்றிய ஒரு சாமானோடு வந்து நின்றான்.

"பலீலாக்கா, இதுக்கு மேல சீக்கிரம் காயிற மாதிரி ஏதாச்சும் பூசணும். ஆறாயி கோவிச்சுக்கிட்டா. இன்னிக்கி சாயந்தரம் ஊருக்கே தலவாக்கலை பஸ் ஏறப்போறா. இனி வரவே மாட்டாளாம்."

பேப்பரைப் பிரித்தேன். பலாமரத்தில் கடைந்த பருப்பு மத்து. கைபிடியில் என்ன வளைவு, என்ன நெளிவு! ஆனால் முதல்நாள் பூசிய வார்னிஷ் மழை ஈரத்தில் காயாமல் பிசுபிசுத்தது. பாதிச் செய்திப் பத்திரிகை அதில் ஒட்டியிருந்தது. நடுவில் பெரிய கட்டைவிரல் அடையாளம் ஒன்று வேறு.

"இது யார்ட வெரல்?"

"செக்பொயிண்டுல ஆமிக்காரன் அக்கா. குண்டுன்னு நெனச்சு, இது என்னான்னு 'மே மொகத?'ன்னான். நான் தெரிஞ்ச சிங்களத்துல, பருப்புதாங்க ஐயான்னு 'பரிப்பு மாத்தயா, பரிப்பு'ன்னு கத்துனேன். அவனே சிரிச்சுட்டான். ஆனா வெரல வச்சுட்டான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சண்டை எப்படி வந்தது என்று கேட்டபிறகு சிரிப்பு போய்விட்டது. ஊரிலுள்ள கட்டிலுக்கெல்லாம் கால் கடைகிறவன், வீட்டில் உடைந்துபோன மத்துக்குப் பதில் ஒன்று செய்து கொடுக்கவில்லை. அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக் களைத்துப்போனாள். போதாததற்குச் சோற்றில் கையை வைத்தபடி "பருப்பு சரியா மசியல" என்றும் சொல்லியிருக்கிறான். நானாக இருந்தால் அந்தத் தட்டை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஆறாயி நல்லவள். பையைத் தூக்கிக்கொண்டு பாமன்கடையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மூஞ்சிய பாக்க மாட்டேங்கிறா அக்கா. அவ இல்லாம வீட்டுக்குள்ள நொழையவே புடிக்கல" என்றான். கண் கலங்கியிருந்தது. திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன்.

வார்னிஷ் திரும்பப் பூசினால் இரண்டு நாள். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பொலிஷ் சீக்கிரம் காயும், ஆனால் பட்டறையிலிருந்து ஸ்பிரிட் போத்தலோடு இன்னொரு தடவை அந்த செக்பொயிண்டைத் தாண்ட யாருக்குத் தைரியம்? அப்போதுதான் கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நின்ற கலரில்லாத கியூடெக்ஸ் என் கண்ணில் பட்டது. நகத்தில் காய்வது மரத்தில் காயாதா?

ரிமூவரால் வார்னிஷையும் பேப்பரையும் ஆமிக்காரன் விரலையும் துடைத்தெடுத்தோம். என் தங்கை ஹமீமா மின்விசிறியை மேசைக்கு இழுத்தாள். பக்கத்துக் கடைத் தையல்காரி கொன்ஸ்ரன்ஸ் ஊசியை ஜாக்கெட்டிலேயே குத்திவிட்டு ஓடிவந்தாள். ஆளுக்கொரு குட்டித் தூரிகை.

"தலைப்பக்கம் இன்னொரு கோட் போடுங்கோ, பலீலா. பள்ளத்துக்குள்ள பிடிக்கேல்ல" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. மொத கோட் காயாம எப்பிடி மத்த கோட் போடுற?"

ஊதி ஊதிப் பூசினோம். அலுமாரியில் ஒரு வரிசை காலி. மத்து கண்ணாடி மாதிரி மின்னியது. இராமர் அதைக் கையில் வாங்கிக் குழந்தையைத் தூக்குவதுபோல் பிடித்துக்கொண்டான்.

தனியாகப் போகப் பயந்தான். நானும் கூடப் போனேன். பாமன்கடை எங்கள் கடையிலிருந்து நடை தூரம்தான். ஆறாயி வாசலுக்கு வந்தாள். அவனைப் பார்க்காமல் மத்தை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்குக்கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னா பூசியிருக்கீங்க?"

"கியூடெக்ஸ்" என்றேன் பெருமையாக.

"கொதிக்கிற பருப்புல போட்டா இது என்னாகும் அக்கா?"

தினமும் பருப்பு சமைக்கிற மூன்று பெண்கள் அந்தக் கடையில் நின்றிருக்கிறோம். எத்தனை கோட் என்று சண்டை பிடித்தோமே தவிர, ஒருத்திக்கும் அடுப்பு ஞாபகம் வரவில்லை. இராமரோ மழையில் நின்றபடி தன் கால்களையே பார்த்தான்.

"பளபளன்னு இருந்தா ஒனக்குப் புடிக்கும்னு நெனச்சேன் புள்ள. ஒனக்குன்னு நான் எதுவுமே செஞ்சதில்லல்ல. வெறுங்கட்டையா குடுக்க வெக்கமா இருந்துச்சு."

அவள் மத்தோடு உள்ளே போய்விட்டாள். கெடுத்தோமே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கியூடெக்ஸைக் கண்டுபிடித்தவன் எதிரில் வந்திருந்தால் அவனுக்கும் இரண்டு ஏச்சு விழுந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அவள் தோளில் பை தொங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். படியிறங்கி வந்து, அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல ஒடஞ்ச கண்ணாடித் துண்டு இருக்கா?"

"எதுக்கு?"

"இத பூராவும் சொரண்டி எடுத்து, தேங்காயெண்ண தடவணும். இல்லாட்டி ராத்திரிக்கி எதுல பருப்பு கடையிறதாம்?"

இராமருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் பையைப் பாய்ந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். மத்தையும் வாங்கக் கையை நீட்டினான். அவள் அதை மட்டும் கொடுக்கவில்லை. சேலை முந்தானைக்குள் மழை படாமல் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு அவனுக்கு முன்னால் நடந்தாள்.