படத்தைப் பாத்தேன் கண்ணு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஆரிஃப் உள்ளே வந்ததும் வராததுமாக, ராசாத்தாள் கடைக் கதவைப் பாதி சாத்தினாள். முதலாளி தம்பிதுரை யாரோ ஒருவர் தோட்டத்தில் மோட்டார் இறக்கிக் கொடுக்கப் போயிருந்தார். திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"ஏனுங்க தம்பி, பிரிண்டர் நல்லாத்தான் இருக்குதுங்க. பொய் சொல்லித்தான் வரச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க."

ஆரிஃப் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "சிங்காநல்லூர்ல இருந்து அன்னூருக்கு, இந்த வெயில்ல! அப்பக் காரணம் கொஞ்சம் பெருசாவே இருக்கோணுமுங்கம்மா."

"எம் பொண்ணு மெயில்ல படம் அனுப்பறா. வந்து சேர்றதில்லைங்க. வெறும் கட்டந்தான் தெரியுது."

'அனுப்பறா' என்றுதான் வாயில் வந்தது. நவ்யா செத்து அன்றோடு நாற்பத்தோரு நாள். ஆரிஃபுக்கு அது தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன் புனேயில் கூட வேலை பார்த்தவனையே நவ்யா கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. சேதி வந்த அன்றே அவள் அப்பன் சுப்பண்ணன், வீட்டிலிருந்த மகளின் படம் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். பள்ளிக்கூட குரூப் போட்டோவைக்கூட விடவில்லை. பிறகு மனைவியின் செல்போனில் மகள் நம்பரைப் பார்த்துவிட்டு அதையும் கிணற்றில் வீசினார். ராசாத்தாளுக்கு மிச்சமிருந்தது, அவள் கணக்கெழுதும் இந்தப் பம்ப்செட் கடையின் மெயில் ஒன்றுதான்.

கடைசி இரண்டு வருஷத்தில் பதினாலு மெயில். ஒவ்வொன்றிலும் சில வரிகள், கீழே ஒரு படம். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம், அதன் மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

வரவில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையாக அனுப்புகிறவளிடம் அப்படிச் சொல்ல ராசாத்தாளுக்கு மனசு வரவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத குழம்பையும் 'நல்லா இருக்குதுங்க' என்று சொல்லியே பழகிய வாய் அது. 'படத்தைப் பாத்தேன் கண்ணு. ரொம்ப நல்லா இருக்குது.' பதினாலு பதிலும் அப்படித்தான் தொடங்கும்.

பதினைந்தாவது மெயில் மருமகனுடையது. 'நவ்யா நேற்றுக் காலை போய்விட்டாள். தகனமும் முடிந்தது. ஒரு வருஷமாகப் போராடினாள். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.'

என்ன தெரியும்? அன்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான். மருமகனிடமே கேட்கலாம். கேட்டால், பார்த்தேன் பார்த்தேன் என்று எழுதியதெல்லாம் பொய்யென்று தெரிந்துபோகும். அதைவிட, மகளின் முகம் கண்ணுக்குள் கலங்கத் தொடங்கியிருந்தது. நினைவுக்குக் கொண்டுவர வீட்டில் ஒரு துண்டுப் படம்கூட இல்லை.

ஆரிஃப் முதலில் நெட்டைச் சோதித்தான். வேகம் சரியாக இருந்தது. அடுத்து மோட்டார் கம்பெனி அனுப்பிய விளம்பரம் ஒன்றைத் திறந்தான். அதிலும் கட்டங்கள்தான்.

"அப்ப உங்க பொண்ணு மேல தப்பில்லைங்கம்மா. கோளாறு இங்கதான். மேல ஒரு மஞ்சப் பட்டை தெரியுதுங்களா?"

"அதைத் தெனமும் பாக்கறனுங்களே."

"படம் கடுதாசிக்குள்ள இருக்கறதில்லைங்க. உங்க பொண்ணு அதை நெட்ல ஒரு ஆல்பத்துல வெச்சிருக்காங்க. பட்டையை அமுக்குனாத்தான் கம்ப்யூட்டர் அங்க போய் எடுத்துட்டு வரும். ஒருக்காவாச்சும் அமுக்கிப் பாத்திருக்கலாமுங்களே?"

ராசாத்தாள் கம்ப்யூட்டரின் விளிம்பைக் காட்டினாள். 'மெயிலில் எதையும் அமுக்கக் கூடாது.' தம்பிதுரை கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய காகிதம். மூன்று வருஷத்துக்கு முன் வைரஸ் புகுந்து ஆர்டரெல்லாம் அழிந்துபோன சமயத்தில் ஒட்டியது.

ஆரிஃபின் முகம் சுண்டிப்போனது. "நான்தானுங்கம்மா அவர்கிட்ட அப்படி எழுதி ஒட்டச் சொன்னேன்."

அவன் பட்டையை அமுக்கினான். கட்டம் ஒரு கணம் நடுங்கியது. அந்த இடத்தில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள் நவ்யா.

"இதா, எம் பொண்ணுங்க!" ராசாத்தாள் சிரித்தேவிட்டாள். "கன்னத்துல சதை போட்டிருக்கறா பாருங்க."

அடுத்த படத்தில் ஒரு தட்டு நிறைய அரிசிம்பருப்பு சாதம். 'உன்னை மாதிரியே செஞ்சேன், அடிப்பிடிச்சுருச்சு' என்று மேலே எழுதியிருந்தாள்.

"கருக்கிப்போட்டாளுங்க. சட்டியைப் பாருங்க, பாவம்!"

ஒவ்வொன்றாக வந்தன. புது வீடு. பால்கனியில் காயும் சேலை, தாய் கொடுத்தனுப்பிய பழைய சுங்குடி. ராசாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பதாவது மெயிலில் இரண்டே வரி. 'அம்மா, எனக்கு எழுத வரலை. படத்தைப் பாரு. பாத்துட்டு உனக்கு என்ன தோணுதோ அதை எழுது.'

ஆரிஃப் அமுக்கினான்.

ஆஸ்பத்திரிக் கட்டில். புறங்கையில் ஊசிக் குழாய். தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் இல்லை. அந்த முகம் கேமராவைப் பார்த்து, திட்டு வாங்கப்போகும் குழந்தை மாதிரி லேசாகச் சிரித்தது.

அதன் கீழே ராசாத்தாளின் பதில் இருந்தது. 'படத்தைப் பாத்தேன் கண்ணு. ரொம்ப நல்லா இருக்குது. எப்பவும் இப்படியே இரு.'

ஆரிஃப் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அடுத்ததை ராசாத்தாளே திறந்தாள். அதில் என்ன எழுதியிருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். இத்தனை நாள் அர்த்தம்தான் தெரியாது. 'நீ அப்படி எழுதினதுக்கு அப்புறம் தொப்பி போடறதை விட்டுட்டேன்மா. யார் என்ன நெனைச்சா எனக்கென்ன.' புனேயில் பனி அதிகம், அதற்காகப் போடும் தொப்பி என்று நினைத்து, 'போட்டுக்க கண்ணு, சளி புடிச்சுக்கும்' என்று பதில் போட்டிருந்தாள்.

"பாத்திருந்தா அன்னிக்கே ரயிலேறியிருப்பேனுங்க தம்பி. அவரு என்னை வெட்டிப்போட்டாலும் போயிருப்பேன்."

ஆரிஃப் அவள் பக்கம் திரும்பினான். "மனசு உட்டுறாதீங்கம்மா. இப்பல்லாம் இது குணமாயிருதுங்க."

அவள் மவுஸை அவன் பக்கம் தள்ளினாள். மீதி நாலு படங்களையும் அவன் வரவழைத்துக் கொடுத்தான். எல்லாவற்றிலும் வெறுந்தலையோடுதான் இருந்தாள் நவ்யா. ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

வாசலில் தம்பிதுரையின் வண்டி வந்து நின்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.

"இவங்ககிட்ட இருந்து இனி வர்ற படத்தையெல்லாம் கேக்காமயே காட்டட்டுமான்னு கேக்குதுங்கம்மா. என்ன குடுக்கட்டுங்க?"

ராசாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறக்க எழுந்தாள்.

"ஆமான்னு குடுங்க தம்பி."