ஜெர்மன்காரரின் கையெழுத்து

டயர் மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு கார் அல்ல, இரண்டு. ஒன்றின் முன்பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் வெட்டி, நடுவில் பற்றவைத்திருந்தார்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் கந்தல் துணி அடைத்திருந்தது.

என் மனைவி கிங்கா இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணம் முழுவதும் அந்தக் காருக்குத்தான் போயிருந்தது. எனக்கு வேறு சேமிப்பு இல்லை. அவள் விட்டுப்போனதை இப்படித் தொலைத்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கிங்காவின் அண்ணன் இக்னாட்சியிடம் மட்டும் சொன்னேன்.

"மாப்ள, கையெழுத்துப் போடறப்போ கண்ணு எங்க இருந்துச்சு?" என்றார்.

தெரியவில்லை. அந்த மாதங்களில் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனை, கல்லறைத் தோட்டம், காப்பீடு, கார்.

போலந்தில் எங்கள் கலிஷ் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் ஸெனோனின் கார் கடை. அங்கே போனேன். அவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் எங்க வித்தேன்? காகிதத்தைப் பாரு. வித்தவர் பேரு கெர்ஹார்ட். வாங்கினவன் பேரு போகுமில், அது நீ. ஸெனோன்னு எங்கயாச்சும் இருக்கா?"

இல்லை. எங்கள் பக்கத்தில் பழைய கார் அப்படித்தான் கைமாறும். வியாபாரி ஜெர்மனிக்குப் போய்க் கார் வாங்கி வருவார். விற்பவரின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கும் காகிதத்தை எடுத்து வைப்பார். வாங்குபவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். வியாபாரிக்கு வரி மிச்சம், பொறுப்பும் மிச்சம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் நானும் கேட்கவில்லை.

"ஜெர்மன்காரர்கிட்ட போய்க் கேளு. நல்ல மனுஷன், கோவிக்கமாட்டார்" என்றார் ஸெனோன்.

மாவட்ட அலுவலகத்தில் நுகர்வோருக்காக வாதாட ஒரு அதிகாரி உண்டு. இலவசம். பெயர் ஹல்ஷ்கா. என் வயதுதான் இருக்கும். கடுமையான ஜலதோஷம். காகிதத்தை வாங்கியதுமே சிரித்தார்.

"நீங்களும் ஜெர்மன்காரர்கிட்ட வாங்கினவரா? ஜெர்மனியில இவ்வளவு கார் இருக்குறது அவங்களுக்கே தெரியாது சார்."

"வழி இருக்கா?"

"வழி நிறைய இருக்கு. வித்தவர் வியாபாரின்னா பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம். இவ்வளவு பெரிய குறைன்னா நேரா ஒப்பந்தத்தையே முறிச்சுக் காசைத் திருப்பிக் கேக்கலாம். ஏமாத்தி வித்திருந்தா போலீஸ், அரசு வக்கீல்." மூக்கைச் சிந்தினார். "ஆனா இந்தக் காகிதப்படி வித்தது வியாபாரி இல்ல, எங்கயோ இருக்குற ஒரு தனி ஆளு. இந்தக் கடைக்காரர்தான் வித்தார்னு காட்டணும். அவர் போட்ட விளம்பரத்தை எடுத்து வெச்சிருக்கீங்களா? பேங்க் வழியா குடுத்தீங்களா?"

விளம்பரம் இணையத்திலிருந்து போய்விட்டது. பணம் ரொக்கமாகக் கொடுத்தேன்.

"பேஷ்" என்றார். "அப்போ அந்த ஜெர்மன்காரரைப் பிடிங்க. யார்கிட்ட வித்தார்னு அவர் வாயால சொல்லட்டும்."

இக்னாட்சி பல வருடங்கள் ஜெர்மனியில் அஸ்பாரகஸ் தண்டு வெட்டும் பண்ணை வேலைக்குப் போனவர். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, காகிதத்தில் இருந்த முகவரியின் கிராமத்துப் பேக்கரிக்குப் போன் போட்டார். "பேக்கரிக்குத் தெரியாத ஆளு ஒரு ஊர்ல இருக்கமாட்டான் மாப்ள." உண்மைதான். அவர்கள் எண்ணைத் தந்தார்கள்.

எடுத்தது ஒரு பெண்மணி. இக்னாட்சி ஜெர்மனில் பேசினார், கேட்டார், பேச்சை நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, போனின் வாய்ப்பகுதியைக் கையால் மூடினார்.

"அவரோட வீட்டம்மா. கெர்ஹார்ட் ஜனவரியில செத்துட்டாராம்."

காகிதத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி ஏப்ரல்.

"கார்?"

"முன்னாடி இடிச்சு நசுங்கிக் கிடந்துச்சாம். பழைய இரும்புக்குன்னு ஈஸ்டர் சமயத்துல இந்தம்மாதான் வித்திருக்கு. யாருக்குத் தெரியுமா? விதை கொறிக்கிற ஒரு போலந்துக்காரனுக்கு. முற்றம் பூரா துப்பிட்டுப் போனானாம்."

போனிலிருந்து அந்த அம்மாளின் குரல் உயர்ந்தது. எனக்கு மொழி தெரியாது. கோபம் புரிந்தது.

"என்ன சொல்றாங்க?"

"செத்தவர் பேர்ல கையெழுத்துப் போட அவன் யாருன்னு கேக்குது. எந்தக் கோர்ட்டுன்னாலும் வந்து சொல்லுமாம். ரயில் டிக்கெட் நாம எடுக்கணுமாம்." இக்னாட்சி தயங்கினார். "யாருக்காகக் கேக்குறேன்னு கேட்டுச்சு, உன்னைப் பத்தியும் கிங்கா போனதைப் பத்தியும் சொன்னேன். நீ ஒழுங்காச் சாப்பிடறியான்னு கேக்குது."

"சாப்பிடறேன்னு சொல்லுங்க."

ஹல்ஷ்காவிடம் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஒப்பந்தத்தை முறிப்பதாக ஒரு பக்கம் அடித்துத் தந்தார். "காசு அக்கவுண்ட்ல விழுந்தப்புறம்தான் சாவி. அப்புறம், புகார் குடுக்கமாட்டேன்னு அந்தக் கடைக்காரர் எழுதிக் கேப்பார். எழுதிக் குடுக்காதீங்க. போலிக் கையெழுத்து உங்க சண்டை இல்ல, அரசாங்கத்தோட சண்டை."

இக்னாட்சியும் நானும் அந்தக் காரிலேயே கடைக்குப் போனோம். நத்தை வேகம். நடுவில் பிரிந்துவிடும் என்ற பயம்.

"கெர்ஹார்ட் கையெழுத்துப் போட்டதை நீங்க பாத்தீங்களா?" என்று ஸெனோனைக் கேட்டேன்.

"என் கண்ணு முன்னாடிதான் தம்பி. காபி வேற குடுத்தார்."

"ஏப்ரல்லயா?"

"ஏப்ரல்லதான். தேதி போட்டிருக்குல்ல?"

"அவர் ஜனவரியில இறந்துட்டார்."

ஸெனோன் கொறிப்பதை நிறுத்தினார்.

"நல்ல காபியா இருந்திருக்கும்" என்றார் இக்னாட்சி.

ஸெனோன் அறைக்குள் போனார். திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் இக்னாட்சியைப் பார்த்து, "பெரியவரே, இதை நாம பேசித் தீத்துக்கலாமே" என்றார். நான் ஹல்ஷ்காவின் காகிதத்தை மேசைமேல் வைத்தேன். அவர் இன்னொரு காகிதத்தை நீட்டினார். புகார் இல்லை என்று அதில் இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுத்தேன். "அவரோட வீட்டம்மா கோர்ட்டுக்கு வரத் தயார்" என்றார் இக்னாட்சி.

ஸெனோன் நெடுநேரம் தன் போனைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் போன் அதிர்ந்தது. முழுப் பணமும் என் கணக்குக்கு வந்திருந்தது. சாவியை மேசையில் வைத்தேன்.

வெளியே வந்தோம். பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இக்னாட்சி பெட்டிக்கடையில் சூடான சாசேஜ் இரண்டு வாங்கி வந்தார். இரண்டையும் நானே தின்றேன். அவர் விரலில் ஒட்டியிருந்த கடுகுச் சாந்தை மட்டும் நக்கிக்கொண்டார்.

"நாளைக்கு அரசு வக்கீல் ஆபீசுக்கு நானும் வரேன்" என்றார் பிறகு.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஹீட்டர் ஓடியது. கிங்காவின் பணம் பத்திரமாக இருக்கிறது என்று ஒருமுறை நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. கண் சொருகியது.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "இறங்கலையா? இது உங்க படுக்கையறையா?"

என் தலை இக்னாட்சியின் தோளில் இருந்தது. அவர் அசையவில்லை.

"கத்தாதீங்க. இன்னொரு சுத்துக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றார்.